வெளி ஆள்

1906-ஆம் ஆண்டு மெல்பர்ன் கால்பந்து இறுதியாட்டத்தில் கார்ல்ட்டன் கிளப் 49 புள்ளி வித்தியாசத்தில் ஃபிட்ஸ்ராய் கிளப்பைத் தோற்கடித்தது. கார்ல்ட்டனைத் தயார்செய்து களத்தில் இறக்கியவர் ஜாக் வோரல். தோற்றுப்போன ஃபிட்ஸ்ராய்க்கு 1886 முதல் 1892 வரை கேப்டனாக இருந்தவரும் அவரேதான். இரண்டு வருடம் கழித்து கார்ல்ட்டன் எஸண்டனை இறுதியாட்டத்தில் வென்றது. பிறகு அதே எஸண்டனுக்கு வோரல் பயிற்சியாளராகப் போய் 1911, 1912 இரண்டு வருடமும் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

மெல்பர்னில் வாழாதவர்களுக்கு இதில் என்ன பெரிய விசேஷம் என்று தோன்றலாம். இந்த ஊரில் கிளப் என்பது பரம்பரைச் சொத்து. குழந்தை பிறந்ததும் உறுப்பினர் அட்டை எடுத்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. கட்சி மாறலாம், மதம் மாறலாம். காலிங்வுட்காரர் கார்ல்ட்டனுக்கு மாறினார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெயருக்கு அடுத்தபடியாக என்னிடம் எல்லோரும் கேட்டது "நீ எந்த டீம்?" என்பதைத்தான். தாம்பரம் என்றால் சிரிப்பார்கள். அப்படி ஒரு டீம் லீக்கில் இல்லை.

ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை செலையூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போனில் விளக்கினேன். முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர், கிரிக்கெட் மைதானம், இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1. கையால் பந்தை எறியக்கூடாது. உள்ளங்கையில் வைத்து மற்றக் கையின் முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். பந்தோடு ஓடுகிறவன் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும்.

"முட்டைய எப்பிடிடா தரையில தட்டுறது? அது எங்கயாவது பாயாது?"

"பாயும் சித்தப்பா. அதுக்குத்தான் பத்து வயசுலேர்ந்து பழகுறாங்க."

"என்ன வேணா சொல்லு, இதுக்கு ஃபுட்பால்னு பேரு வச்சவன் குசும்பன்."

குசும்போ இல்லையோ, அந்த ஆட்டத்துக்கு 1859-லேயே மெல்பர்னில் விதி எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் தன் விதிகளை எழுதியது அதற்கு நாலு வருடம் பிந்தித்தான். பயிற்சியாளர் என்று ஓர் ஆள் வந்ததோ ரொம்பத் தாமதம். 19-ஆம் நூற்றாண்டு முழுக்க கேப்டன் வைத்ததுதான் சட்டம். வோரலே அப்படி ஒரு கேப்டன்தான். விக்டோரியா மாநிலத்தில் மேரிபரோ பக்கம், தங்கம் தோண்டிய பூமியில், ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். பந்து போகும் இடமெல்லாம் துரத்திப் போகும் ரோவராக ஃபிட்ஸ்ராயில் பெயர் வாங்கினார்.

கோடையில் கிரிக்கெட். அங்கேயும் அவர் நுழைந்தது மாற்று ஆளாகத்தான். மூத்த ஆட்டக்காரர்கள் வசூலில் பங்கு கேட்டுத் தகராறு செய்ய, 1885 ஜனவரியில் நடந்த டெஸ்டுக்கு ஆஸ்திரேலியா முற்றிலும் புது அணியை இறக்கியது. வோரலின் முதல் டெஸ்ட் அது. மொத்தம் 11 டெஸ்ட் ஆடினார். 1896-இல் ஒரு கிளப் ஆட்டத்தில் கார்ல்ட்டனுக்காக 417 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

1902-இல் அதே கார்ல்ட்டனின் கால்பந்து கிளப் அவரைச் செயலாளராக எடுத்தது. 1897-இல் லீக் தொடங்கியதிலிருந்து வருடா வருடம் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்த கிளப் அது. செயலாளர் வேலை என்றால் கணக்கு, கடிதம், ஆள் சேர்ப்பு. வோரல் அதோடு நிற்கவில்லை. மாலையில் மைதானத்துக்கு இறங்கி வந்து பயிற்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். உடல்கட்டு உள்ளவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார், ஓடவிட்டார், குடியை விடச் சொன்னார். லீக்கின் முதல் பயிற்சியாளர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அந்தப் பதவியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. மேசைக்குப் பின்னாலிருந்து அவராக எழுந்து வந்து எடுத்துக்கொண்டது. 1906, 1907, 1908 என்று தொடர்ந்து மூன்று பட்டம். அந்த லீக்கில் அதற்கு முன் யாரும் செய்யாதது.

1909-இல் அவர் தூக்கிவிட்ட ஆட்டக்காரர்களே அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். கெடுபிடி தாங்கவில்லை என்றார்கள். பருவத்தின் நடுவிலேயே வோரல் பயிற்சிப் பொறுப்பை விட்டார். அந்த வருட இறுதியாட்டத்தில் கார்ல்ட்டன் இரண்டே புள்ளியில் தோற்றது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்? அதற்காக ஆட்டக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விசிலும் பிரம்புமாக நிற்கிற மாஸ்டரை ஐம்பது வயதில் நினைத்தால் இனிக்கும். பதினைந்து வயதில் அவருக்குக் கீழே ஓடிப் பார்க்க வேண்டும்.

வோரலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பெட் மேட்ச்தான் ஞாபகம் வருகிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேற்குத் தாம்பரம், இந்தப் பக்கம் கிழக்கு. தலைக்குப் பத்து ரூபாய் பந்தயம், வற்றிய ஏரியில் டென்னிஸ் பால். ஆட்டத்தைவிட நீளமானது அதற்கு முன் நடக்கும் சண்டை: "வெளி ஆள் இறக்கக் கூடாது." எங்களுக்குப் பல்லாவரத்திலிருந்து ஒரு வேகப்பந்துக்காரன் வருவான். எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து இறங்கி, அதிகம் பேசாமல் போட்டுவிட்டு, அடுத்த வண்டியில் போய்விடுவான். ஜெயித்தால் "நம்ம பையன்". தோற்றால், "அவன் என்ன இந்த ஏரியாவா? அவனுக்கு என்ன அக்கறை?" அவனுடைய அக்கறை பந்தின் மேல் இருந்தது. எந்த ஏரி என்பது அவனுக்குப் பொருட்டில்லை.

அதே ரயில் பாதையில் சைதாப்பேட்டையில் இறங்கினால் நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. தென் சென்னைப் பள்ளிகளில் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர்கள் பலர் அங்கே படித்து வந்தவர்கள். அதை 1920-இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக், பென்சில்வேனியாக்காரர். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்து 1919-இல் மதராஸ் வந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணிக்கு மேலாளர் இந்த அமெரிக்கர்தான். 1943-இல் மதராஸிலேயே இறந்தார். பக்கைப் பார்த்து நம் ஊரில் யாராவது "வெளி ஆள்" என்று மறித்ததாகத் தெரியவில்லை. உடனே நம் ஊரின் பெருந்தன்மையை மெச்சிவிட முடியாது. வெள்ளைக்காரருக்குக் கல்லூரி கிடைத்தது. பல்லாவரம் பையனுக்கு வசவுதான் கிடைத்தது.

ஃபிட்ஸ்ராயில் எடின்பரோ தோட்டத்துக்குள் வோரல் ஆடிய மைதானம் இன்னும் இருக்கிறது. 1888-இல் கட்டிய பார்வையாளர் மாடமும் நிற்கிறது. கிளப்தான் இல்லை, பணமில்லாமல் தள்ளாடி 1996-இல் பிரிஸ்பேன் கிளப்போடு சேர்த்துவிட்டார்கள். மாடத்தில் இப்போது நாயோடு நடக்க வந்தவர்கள் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள்.

இன்று பட்டம் வெல்லும் அணியின் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பதக்கம் ஜாக் மக்ஹேல் பெயரில் இருக்கிறது. 1912 முதல் 1949 வரை காலிங்வுட் ஒன்றையே பயிற்றுவித்து எட்டுப் பட்டம் வென்றவர். அவருடைய தகுதியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டு கிளப்புக்கு ஐந்து பட்டம் வாங்கிக் கொடுத்து, வேலையையே முதலில் உண்டாக்கியவரை விட்டு, ஒரே வீட்டில் கடைசிவரை இருந்தவரை இந்த நகரம் தேர்ந்தெடுத்ததில் அதன் சுபாவம் தெரிகிறது. குடியேறிகளால் நிறைந்த நகரம் இது. ஊர் மாறியவர்களுக்குத் தாராளமாகக் கதவு திறக்கும். சட்டை மாற்றியவரைத்தான் கொஞ்சம் யோசித்துப் பார்க்கும்.

போர்க்கால இடைவெளி போக 1920 வரை எஸண்டனில் இருந்த வோரல், பிறகு முழுநேரமாகப் பத்திரிகைப் பக்கம் போனார். தி ஆஸ்ட்ரலேஷியன் இதழில் கால்பந்தும் கிரிக்கெட்டும் எழுதினார். எந்த அணிக்கும் கைதட்டத் தேவையில்லாத நாற்காலி அவருக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும். 1937 நவம்பரில் காலமானார்.

என் மகள் சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்கான ஆஸ்கிக் வகுப்புக்குப் போகிறாள். தரையில் தட்டினால் பந்து அவள் கைக்கே திரும்பி வருகிறது. சித்தப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன், நம்பவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கிடையே அதே கேள்விதான் சுற்றி வந்தது. எனக்காகக் காத்திராமல் அவளே வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று முடிவு செய்துவிட்டாள். காரணம் கேட்டால், நாய். என்னிடம் யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் ஜாக் வோரல் பக்கம் என்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "அவர் எந்த டீம்?" என்கிறார்கள்.