நித்தியகல்யாணியும் நரம்பு வலியும்

சிக்கலில் நம் பள்ளிக்கூட வேலியோரம் நித்தியகல்யாணி, வானம் பொய்த்த மாதங்களிலும் பூத்து நிற்கும். இச்செடியினின்று பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின், 1963 முதல் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகி எத்தனையோ குழந்தைகளைக் காத்திருக்கிறது. அம்மருந்தே நரம்புகளைத் தாக்கி, விரல்களில் எரிச்சலும் மரமரப்பும் உண்டாக்குவதுமுண்டு.

இத்தகைய கீமோதெரபி பெற்ற நம் உறவினரான அம்மையார், சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோவென்று அஞ்சி, ஊசியில் நூல் கோக்க இயலாத நிலை வரும்வரை வாய் திறக்கவில்லை. முன்னரே அறிந்தால் வைத்தியர் மருந்தின் அளவைக் குறைக்கலாம். புற்றுநோய் மருந்துகள் சிலவற்றால் நேரும் நரம்பு வலியை டூலொக்ஸெடின் மாத்திரை ஓரளவு தணிக்குமென 2013-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. உணர்விழந்த பாதங்களைச் சுடுமணலினின்றும் வெந்நீரினின்றும் காத்தல் வேண்டும். வேலிச் செடியைக் கஷாயமிட்டு அருந்துவதோ பெருங்கேடு.

வலியை மறைப்பவர் வைத்தியரின் கண்ணைக் கட்டிவிடுகிறார்.