யார் முடிக்க வேண்டும்?

தேர்தல் பேச்சில் நான் கவனிப்பது வினைச்சொல்லின் வாலை. ஈஜிபுராவில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாகவே வந்துவிடும். காரணம், எங்கள் மேம்பாலம்.

ஈஜிபுராவிலிருந்து கோரமங்களாவின் கேந்திரிய சதன் வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர். வேலை தொடங்கியது 2017-இல். 2019-இல் முடிந்திருக்க வேண்டும். 2022-இல் ஒப்பந்தம் ரத்தானது. அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018 முதல் 2024 வரை இரண்டு சட்டமன்றத் தேர்தல்களும் இரண்டு மக்களவைத் தேர்தல்களும் வந்து போயின. தூண்கள் அப்படியே நின்றன. அந்த ஆண்டுகளில் மழை பெய்தால் சோனி வேர்ல்ட் சிக்னலைத் தாண்ட எனக்கு அரை மணி நேரம் ஆகும். பின்னால் அலறும் ஆம்புலன்ஸுக்கும் அதே கதிதான்.

வாக்குக் கேட்டு வந்தவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே அச்சு: 'பாலம் விரைவில் முடிக்கப்பட வேண்டும்.' கைதட்டல் கிடைத்தது. ஆனால் யார் முடிக்க வேண்டும்?

'முடிப்பேன்' என்றால் பேசுபவர் மாட்டிக்கொள்கிறார். கடைசியில் வரும் 'ஏன்' விகுதி அவரைக் கட்டிப்போடுகிறது. 'முடிக்க வேண்டும்', 'முடிக்கலாம்' என்பவற்றில் அந்தக் கட்டு இல்லை. நான், நீ, அவர் எல்லோருக்கும் ஒரே உருவம்தான். 'முடிக்கப்பட' என்று மாற்றிவிட்டால் ஆளே காணாமல் போய்விடுவார். எங்கள் பகுதி மேடைகளில் ஒலிக்கும் கன்னடத்திலும் இதே கதை: 'மாட்தீனி'யில் 'நான்' உண்டு, 'மாடபேக்கு', 'மாடபஹுது' இரண்டிலும் இல்லை.

எதிர்க்கட்சிக்காரர் 'வேண்டும்' என்றால் அது கோரிக்கை. அதிகாரத்தில் இருப்பவர் அதையே சொன்னால், அது நழுவல்.

1967-இல் தி.மு.க. ரூபாய்க்கு அரிசி தருவதாகச் சொன்னபோது, 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று பிரித்துச் சொன்னது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கிடைத்தது. மூன்று படி வரவில்லை. ஆனால் எதற்குக் கணக்குக் கேட்கலாம் என்பது வாக்காளருக்குத் தெரிந்திருந்தது.

பாலம் ஒருநாள் முடியும். அடுத்து குடிநீர், சாக்கடை, குப்பை என்று வருவார்கள். மைக் என் கைக்கு வந்தால் ஒன்றுதான் கேட்பேன்: ஐயா, அதே வாக்கியத்தை 'ஏன்' விகுதியில் முடித்துச் சொல்லுங்கள். கூடவே தேதியையும்.