கொட்டாஞ்சேனைக் கோப்புறை

வெள்ளவத்தையில் ஒரு சிறிய அறநிலையம் பழைய கல்வெட்டுகளையும் பள்ளிக்கூட மலர்களையும் கும்பாபிஷேக மலர்களையும் தேடி வாங்கி ஸ்கேன் செய்து வைத்திருந்தது. அந்தக் கோப்புகளைப் பாதுகாக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். சம்பளம் கிடையாது. கொம்பியூட்டர் தெரிந்த தம்பி என்ற பெயர் கிடைத்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தத் திரட்டில் கொட்டாஞ்சேனைக் குடும்பங்களின் கல்வெட்டுகளில் ஒரு பகுதி இன்று இல்லை. வட்டு பழுதாகவில்லை, வைரஸும் வரவில்லை. நான் எழுதிய ஒரு வரியால் போனது.

அந்தியேட்டியன்று வந்தவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, சில தேவாரங்கள். கொஞ்சப் பிரதிதான் அடிப்பார்கள், பெரும்பாலும் எந்த நூலகத்துக்கும் போகாது. ஆனால் 1958, 1983 இனக்கலவரங்களின்போது எந்தக் குடும்பம் எந்தத் தெருவை விட்டு எங்கே போனது என்பது பல நேரம் அந்த மெல்லிய புத்தகத்தில் மட்டுமே இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்த பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றாகவே தெரியும்.

வெள்ளவத்தைக் கணினி சாகும் தறுவாயில் இருந்தது. அதை மூடுவதற்கு முன் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 முறையில் செக்சம் கணக்கிட்டுப் பட்டியல் எடுத்தேன். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முழுக்க வேறாகிவிடும். பிறகு எங்களோடு வேலை செய்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, எல்லாவற்றையும் தன் பழைய மேக்கில் ஏற்றி நுகேகொடையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி மூலம் என் லினக்ஸ் கணினியின் தற்காலிக வட்டில் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் எழுதிய சரிபார்ப்பு ஸ்கிரிப்டை ஓடவிட்டேன்.

திரை நிறைய ‘கோப்பு இல்லை’. கொழும்பு இல்லை, கொட்டாஞ்சேனை இல்லை, நுகேகொடை இல்லை, கிளிநொச்சி இல்லை, ‘கோயில்’ என்று தொடங்கும் எதுவுமே இல்லை. அதே எண்ணிக்கையில், பட்டியலில் இல்லாத புதுக் கோப்புகள் வந்திருப்பதாகவும் சொன்னது. வெள்ளவத்தை, தெகிவளை, பம்பலப்பிட்டி, யாழ்ப்பாணம் எல்லாம் சுத்தம்.

இந்த வரிசையைப் பார்த்தவுடனேயே ஒரு தமிழனுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். எனக்குப் பிடிபடவில்லை. வட்டில் சந்தேகப்பட்டு, அது மவுண்ட் ஆகியிருக்கும்போதே, வட்டைச் சோதிக்கும் இ2எஃப்எஸ்சிகேயை ஓட்டினேன். அதுவும் பிழைகளை அடுக்கியது. பயன்பாட்டில் இருக்கும் வட்டை அப்படிச் சோதித்தால் வரும் முடிவு செல்லாது என்று அந்தக் கருவியின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. ஒரு பொய் எச்சரிக்கைக்கு இன்னொரு பொய் எச்சரிக்கையைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அண்ணா, நான் திறந்து பாத்தனான். எல்லாம் திறக்குதே” என்றாள்.

“திறக்கிறது வேற, சரியா இருக்கிறது வேற” என்றேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. அவள் பிறகு அறநிலையத்தின் பக்கம் அதிகம் வரவில்லை.

உண்மை என்னவென்றால், ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அப்போது 6 பைட். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகவும் போடலாம், அப்போது 9 பைட். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, இரண்டும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைத்திருக்கும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் அந்தப் பழக்கத்தை விட்டது. லினக்ஸின் எக்ஸ்ட்4 வழக்கமாகப் பைட்டைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. வெள்ளவத்தையில் எடுத்த பட்டியலில் சேர்ந்த ‘கொ’, மேக் வழியாக வந்த பெயரில் பிரிந்த ‘கொ’. இடாப்பில் ஒரு எழுத்துக்கூட்டலும் பிள்ளையின் கொப்பியில் இன்னொன்றும் இருந்தால், பிள்ளை வரவில்லை என்றும் வகுப்பில் யாரோ வெளியாள் இருக்கிறார் என்றும் ஒரே நேரத்தில் எழுதுகிற ஆசிரியரைப் போல என் ஸ்கிரிப்ட் நடந்துகொண்டது. கோப்புகளின் உள்ளடக்கத்தில் ஒரு பிட்கூட மாறவில்லை.

தெரிந்த நோய்தான் இது. ஆர்சிங்கில் இதற்கென்றே எழுத்துமாற்றத் தெரிவு ஒன்று உண்டு. நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் 2012இலேயே மேக்குக்காக ஓர் அமைப்பைச் சேர்த்துவிட்டது. ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்தும் பேகிட் முறையின் 2018ஆம் ஆண்டு ஆவணம், கோப்புப் பெயர்களில் இந்தச் சிக்கல் வரும் என்று எச்சரிக்கிறது. நான் எதையும் தேடாமல், சொந்தமாக எழுதினேன் என்ற பெருமையில் இருந்தேன். (ஔகாரத்தில் தனியாக ஒரு கூத்து இருக்கிறது. ‘கௌரி’ என்பதை எகரக் கொம்பும் ளகரமுமாக ‘கெளரி’ என்று தட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அது சமமான வடிவமல்ல, வேறு எழுத்து. எந்த நியமப்படுத்தலும் அதைச் சேர்த்து வைக்காது.)

பொய் எச்சரிக்கையின் காரணத்தைக் கண்டுபிடித்ததும் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. இரு பக்கப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். பைதானில் அதற்கு ஒரு வரி போதும். அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மறுநாள் அறநிலையக் குழுக் கூட்டம். அறிக்கையில் சிவப்பு எழுத்து இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பாதையில் ஒகர, ஓகார, ஔகாரக் குறி இருந்தால் அந்தக் கோப்பைத் தாண்டிப் போ என்று ஒரு வரி சேர்த்தேன். பெயர் பொருந்தவில்லை என்ற செய்தியை மட்டும் அடக்கவில்லை, செக்சம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கூட்டத்தில் “எல்லாம் சரி” என்றேன். பிறகு ஒழுங்காகத் திருத்தலாம் என்றிருந்தேன், திருத்தவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தற்காலிக வட்டிலிருந்து நிரந்தர வட்டுக்குக் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்த நாள். என் யூபிஎஸ்ஸின் பேட்டரி 2022ஆம் ஆண்டு மின்வெட்டுகளிலேயே களைத்துப்போயிருந்தது. அதை மாற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸ் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருந்து பிறகுதான் வட்டில் எழுதும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பெயர் மட்டும் பதிவாகி, உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகள் மிஞ்சலாம். எனக்கு மிஞ்சின. கரண்ட் வந்ததும், ஏற்கெனவே இருக்கும் பெயர்களை விட்டுவிட்டு மிச்சத்தை நகலெடு என்று கட்டளை கொடுத்தேன். நேரம் மிச்சமாகும் என்பது கணக்கு. வெறும் கோப்புகள் வெறுமையாகவே நின்றன. நகல் அறுபட்டபோது ஓடிக்கொண்டிருந்தது ‘கொட்டாஞ்சேனை’ என்ற கோப்புறை. கோப்புறையின் பெயரிலேயே ‘கொ’ இருப்பதால் அதற்குள் இருந்த ஒன்றைக்கூட என் ஸ்கிரிப்ட் தொட்டுப் பார்க்கவில்லை. பிழைகள்: 0 என்று காட்டியது.

அந்தச் சைபரை நம்பி, வெள்ளவத்தைக் கணினியை அழித்து ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்று குழுவுக்குச் சொன்னேன். மாணவியிடம் மேக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்றேன். தற்காலிக வட்டை நானே ஃபார்மட் செய்தேன். 2023இல் அரசாங்க மேகக் கணினியை ரான்சம்வேர் தாக்கி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போனபோது, பின்காப்பு வைக்கத் தெரியாதவர்கள் என்று நக்கலடித்தவர்களில் நானும் ஒருவன்.

டொரொன்டோவிலிருந்து ஒரு அம்மா தன் தகப்பனாரின் கல்வெட்டைக் கேட்டு எழுதியபோதுதான் தெரிந்தது. கோப்பைத் திறந்தேன், திறக்கவில்லை. அளவு 0. அடுத்ததும் 0. அவருக்கு மூன்று மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் பயத்தில் இருந்தேன்.

பழியைப் பங்குபோட வழி இருந்தது. ஆப்பிள், யூனிகோட், குரங்கு, மின்சார சபை என்று வரிசையாகச் சொல்லலாம், கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். அவை எல்லாம் தத்தம் விதிப்படிதான் நடந்தன. கண்ணைக் கட்டிய வரியை எழுதியவன் நான். அதைக் குழுவிடம் மறைத்தவனும் நான். மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அண்ணா” என்றாள், குரலில் பரவாயில்லை இல்லை. அது நியாயம்.

ஸ்கிரிப்ட் இப்போது எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றி ஒப்பிடுகிறது, எதையும் தாண்டுவதில்லை. அசல் புத்தகங்களை ஸ்கேன் செய்தபோதே உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சிலர் மறுபடியும் தந்தார்கள், சிலர் வீடு மாறிவிட்டார்கள், சிலர் இப்போது இல்லை. கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த உங்கள் பாட்டன் பாட்டியின் கல்வெட்டு அலுமாரியில் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். இந்த இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். வீட்டுக்கே வந்து, உங்கள் முன்னாலேயே ஸ்கேன் செய்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் தந்துவிட்டுப் போகிறேன்.