மாமியாரின் கோலமும் என் சல்லடையும்

கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வாங்காதவர்கள் நம்மில் யாராவது உண்டா? தேங்காயை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பையைக் கறிகாய்க்கு ஆகும் என்று ஆணியில் மாட்டிவிடுகிறோம். அதன் மேல் மணமக்கள் பெயரை எப்படி அச்சடித்தார்கள் என்று யோசிப்பதில்லை. சமீப காலம் வரையில் நானும் யோசித்தவள் இல்லை.

என் பெண்ணின் வளைகாப்புக்கு 25 பைகள் வேண்டியிருந்தன. அச்சுக் கடையில் விசாரித்தால், 100-க்குக் குறைந்து போடுவதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். "நாமே போட்டால் என்ன?" என்று எனக்கு ஒரு விபரீத யோசனை உதித்தது. பெயருக்குப் பதில் என் மாமியாரின் சிக்குக் கோலத்தைப் போட்டுவிடுவதென்றும் தீர்மானித்தேன். விரல் நடுக்கத்தால் அவர் வாசலில் கோலம் போடுவதை நிறுத்தி இரண்டு வருஷமாயிற்று. காகிதமும் பென்சிலும் கொடுத்ததும், அரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் ஒரு 5 புள்ளிக் கோலம் வரைந்து கொடுத்தார்.

முதலில் அதை அட்டையில் வெட்டிப் பார்த்தேன். இழை சுற்றி வந்து சேர்ந்த இடமெல்லாம் நடுத்துண்டு பொத்தென்று கீழே விழுந்தது! இது பழைய சங்கடம். ஜப்பானியர்கள் தங்கள் காகித அச்சுகளில் இப்படிப்பட்ட துண்டுகளைப் பட்டு நூல் கொடுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். 1907-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர், பட்டுத் துணியையே சல்லடையாக வைத்து அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்கிரீன் பிரிண்டிங் என்கிறோமே, அதுதான். ஓட்டைத் தகட்டில் கோலமாவைக் கொட்டித் தேய்க்கிறோம் அல்லவா? அதே சூட்சுமம்தான்.

பட்டுக்கு எங்கே போவது? பழைய நைலான் துப்பட்டா போதும். அதை 10 அங்குல எம்பிராய்டரி வளையத்தில், தட்டினால் கஞ்சிரா மாதிரி ஒலிக்கும்படி இறுக்கிப் பூட்டுங்கள். கோலத்தின் மேல் துணி படியும்படி வைத்து, இழையை ஒரு நெல் அகலத்துக்குப் பென்சிலால் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வளையத்தைத் தூக்கிப் பிடித்து, வர்ணம் வரக்கூடாத இடத்திலெல்லாம் தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசையைத் தூரிகையால் பூசுங்கள். ஓர் இரவு காயட்டும். காலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித் துவாரங்கள் தெரியும், அவற்றையும் அடைத்துவிடுங்கள்.

நானும் இவ்வளவையும் செய்து, ஒரு துண்டுத் துணியில் அச்சிட்டு, பெருமையோடு மாமியாரிடம் நீட்டினேன்.

"ஏண்டியம்மா, இது யார் போட்ட கோலம்?" என்றார்.

"நீங்கள் போட்டதுதான், அம்மா!"

"இல்லையே. கீழே ஒரு சுழி வைத்திருந்தேனே, அது எங்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழ் ஓரத்தில் அதிகப்படியாக ஒரு சிறு சுழி இருந்தது வாஸ்தவம். கை நடுக்கத்தில் வந்த பிசகு என்று நினைத்து, பென்சிலால் எடுக்கும்போது நானே அதை விட்டுவிட்டேன்.

"அது பிசகில்லை. என் அம்மா அப்படித்தான் முடிப்பாள்" என்று சொல்லிவிட்டு, அவர் துணியை மடித்து என்னிடம் கொடுத்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சுழிக்கு மட்டும் வழி திறக்கலாமென்று சல்லடையை வெந்நீரில் போட்டேன். பசை முழுவதும் திப்பி திப்பியாகக் கிளம்பிவிட்டது! துப்பட்டாவின் மறுபாதியை வெட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். புதுத் துணியென்றால் கஞ்சி போகத் துவைத்து உலர்த்துங்கள். பைக்குள் ஓர் அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் வர்ணம் மறுபக்கமும் ஊறும். துணிக்கென்றே விற்கும் அக்ரிலிக் வர்ணம் கெட்டியான இட்லி மாவுப் பதத்தில் இருக்கட்டும். 6 அங்குலப் பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்து, வர்ணத்தை அழுத்தி இழுங்கள். வளையத்தை நகர்த்தாமல் நேரே மேலே தூக்குங்கள். வேலை முடிந்ததும் சல்லடையைத் தண்ணீரில் சட்டென்று அலசிவிடுங்கள். ஊற வைத்தால் என் கதிதான். அச்சிட்ட துணி ஒரு நாள் காய்ந்த பிறகு, உட்புறமாகச் சூடான இஸ்திரி போட்டால் வர்ணம் நிலைக்கும்.

வளைகாப்புக்கு வந்தவர்கள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கீழே இது என்ன, மாமி?" என்று ஒரு பெண் சுழியைக் காட்டிக் கேட்டாள். என் மாமியார் அவளை அருகில் இருத்திக்கொண்டு, சாப்பாட்டுக்கு இலை போடும் வரையில் தம் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 40 வருஷமாக அந்த வீட்டில் இருக்கும் நான் அன்றுதான் அதையெல்லாம் கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் கோலம் போட்ட கை ஒன்று ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறதா? காகிதத்தையும் பென்சிலையும் கொடுங்கள். வரைந்து கொடுத்ததில் ஏதாவது பிசகாகத் தோன்றினால், அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் பசையைத் தொடுங்கள்.