மச்சான்மார் ஆடிய பந்து

2008இல் 'மச்சான்' என்ற பெயரில் ஒரு சிங்களத் திரைப்படம் வந்தது. சொல் நம்முடையது. நாம் உறவுமுறைக்கு வைத்திருப்பதைச் சிங்களச் சகோதரர்கள் தோழனைக் கூப்பிட எடுத்துக்கொண்டார்கள். இயக்கியவர் உபேர்ட்டோ பசோலினி என்ற இத்தாலியர். 1957இல் வெளியான 'க்வாய் நதிப் பாலம்' படத்துக்காக எங்கள் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைக்கு வந்தவர்களுக்கு ஆறும் காடுமே போதுமாயிருந்தன. களனி கங்கை தாய்லாந்து நதியாக நடித்தது. பசோலினியோ மனிதர்களைத் தேடி வந்தார்.

கதை உண்மையில் நடந்தது. 2004 செப்டெம்பரில், இலங்கைத் தேசிய ஹேண்ட்போல் அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனியின் விட்டிஸ்லிங்கன் ஊருக்குப் போனார்கள். அப்படியோர் அணி நாட்டில் இருக்கவேயில்லை. எங்கள் பாடசாலை மைதானத்திலும் கரப்பந்து வலைதான் உண்டு. ஹேண்ட்போலைக் கண்ட பிள்ளைகள் இல்லை. போனவர்கள் ஆடினார்கள், படுதோல்வியடைந்தார்கள். ஒருநாள் காலையில் அத்தனை பேரையும் காணோம்.

குற்றக் கதைதான். ஆனால் சிரிக்காமல் பார்க்க முடியாது. கடிதத் தலைப்பையும் சீருடையையும் நம்பிய விஸா அலுவலகம், அதே ஆட்களைச் சேரி இளைஞர்களாகக் கண்டிருந்தால் வாசலிலேயே திருப்பியிருக்கும். அதனால்தான் ஏமாந்தவர் மீது நமக்கு இரக்கம் வருவதில்லை.

இந்தப் படத்தில் தர்ஷன் தர்மராஜும் நடித்தார். நம் சப்ரகமுவ மாகாணத்து இரக்குவானைப் பக்கத்துத் தமிழர். சிங்களத் திரையில் பெரிய இடம் பிடித்தார். 2022 ஒக்டோபரில் காலமானார். அதே ஆண்டில்தான் கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வரிசையில் கிடந்தார்கள். எங்கள் ஊரிலிருந்தும் வேன் பிடித்துப் போனார்கள்.

அந்த நாட்களில் பதினோராம் வகுப்பில் இக்கதையைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஒரு பையன் மட்டும் கொப்பியைப் பார்த்தபடி இருந்தான். அவனுடைய நானா, உம்மாவின் நகையை ஈடுவைத்து ஒரு முகவரிடம் காசு கட்டி வளைகுடாவுக்குப் போனவர். சொன்ன வேலை அங்கே இருக்கவில்லை. மூன்று மாதத்தில் திரும்பி வந்தார், நகை திரும்பவில்லை. அங்கே பொய்க் கடிதம் எழுதியவன் வேறு, விமானம் ஏறியவன் வேறு.

மணி அடிக்கும் நேரத்தில் அவன் கேட்டான்:

"அந்த இருபத்துமூணு பேரும் காணாமப் போன நேரம், அவங்கட வீட்டாக்களுக்கு ஆரு ஸேர் சொன்ன?"

ஆட்கள் கலைந்து போவதோடு படம் முடிந்துவிடுகிறது என்றேன்.