உம்மாவின் அளவு நாடா

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைத்த விடுமுறையில், உம்மாவுக்காக ஓர் இணையப் பக்கம் செய்யத் தொடங்கினேன். உம்மா வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவர். அபாயா, பிள்ளைகளின் உடுப்பு, பெருநாள் உடுப்பு என்று தைத்தவற்றின் படங்களெல்லாம் அவரது போனில் கலைந்து கிடக்கும். யாராவது கேட்டால் ஒவ்வொன்றாகத் தேடி அனுப்புவார்.

“ஒரே எடத்துல எல்லாத்தையும் பாக்க ஏலுமா மகள்?” என்று ஒருநாள் கேட்டார்.

ஏலும் என்று சொல்லிவிட்டேன். பாடசாலையில் படித்த எச்.டி.எம்.எல் தந்த துணிச்சல் அது. ஆனால் மூன்று நாட்கள் முயன்றும், வெள்ளைத் தாளில் படங்களை ஒட்டியது போன்ற ஒரு பக்கம்தான் வந்தது. ஒரு பட்டனை அழகாக்கவே ஒரு மாலைப் பொழுது போய்விட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ராத்தா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “பூட்ஸ்ட்ராப்பைப் பாவிச்சுப் பாரு” என்றார்.

பூட்ஸ்ட்ராப் என்பது இணையப் பக்கத்திற்குத் தேவையான ஆயத்த உறுப்புகளின் தொகுப்பு. பட்டன், படிவம், படத்தோடு விபரம் காட்டும் அட்டை, மெனு எல்லாம் அதில் இருக்கின்றன. டுவிட்டர் நிறுவனத்தில் வேலை செய்த மார்க் ஓட்டோ, ஜேக்கப் தோர்ன்டன் இருவரும் உருவாக்கிய இத்தொகுப்பு, 2011 ஆகஸ்ட் மாதம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்டது. தொடங்குவதும் இலகு. அதன் சி.எஸ்.எஸ் கோப்பை நமது பக்கத்தின் தலைப் பகுதியில் ஒரு வரியால் இணைக்க வேண்டும். விரிந்து சுருங்கும் மெனு போன்றவை வேண்டுமானால் அதன் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பையும் பக்கத்தின் முடிவில் இணைக்க வேண்டும். பிறகு பட்டனுக்கு ‘பிடிஎன்’, ‘பிடிஎன்-பிரைமரி’ என்று இரண்டு வகுப்புப் பெயர்களை எழுதினால், ஒழுங்கான நீலப் பட்டன் வந்து நிற்கும்.

ஒரு மாலை முழுக்க வராத பட்டன் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. அன்றிரவே பக்கத்தை முடித்து, கணினித் திரையில் உம்மாவுக்குக் காட்டினேன்.

“இதெல்லாம் நீயா செஞ்ச?”

“ஓம் உம்மா.”

அவரது முகத்தில் வந்த பெருமையைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. அடுத்த நாள் காலை உம்மா அதைத் தன் போனில் திறந்தார்.

“என்ன மகள் இது? எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஈக்குது.”

ஏன் அப்படி வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானே செய்ததாகச் சொன்ன பக்கத்தைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியவில்லை! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேறு யாரோ செய்துவைத்ததை எடுத்து ஒட்டியதுதான் என் வேலை என்று உம்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

உம்மா தையல் மெஷினை நிறுத்தினார். “நான் துணி நெய்யிறயுமில்ல, ஜிப் செய்யிறயுமில்ல. எல்லாம் கடையில வாங்கிறதுதான். ஆனா உடுப்பு ஆளுக்குப் பொருந்தாட்டி பிழை கடைக்காரன்ட இல்ல, என்டது” என்றார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டு மீண்டும் தைக்கத் தொடங்கினார்.

நான் பூட்ஸ்ட்ராப் தரும் மாதிரிப் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். தவறு உடனே அகப்பட்டது. திரையின் அகலத்திற்கு ஏற்பப் பக்கத்தைக் காட்டும்படி சொல்லும் ‘வியூபோர்ட்’ வரி அதில் இருந்தது. என் பக்கத்தில் இல்லை. அது இல்லாவிட்டால் பல போன்கள், பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலமான கணினிப் பக்கமாக எண்ணிச் சுருக்கிக் காட்டும். எறும்பு எழுத்தின் காரணம் அதுதான்.

அடுத்து அளவு. பூட்ஸ்ட்ராப் ஒரு வரிசையை 12 பங்குகளாகப் பிரிக்கிறது. போனில் ஒவ்வோர் அட்டைக்கும் 12 பங்கையும் கொடுத்தேன். ஒரு வரிசையில் ஓர் உடுப்பு. 768 பிக்சலும் அதற்கு மேலும் அகலமுள்ள திரையில் 6 பங்கு, வரிசைக்கு இரண்டு. 992 பிக்சலிலிருந்து 4 பங்கு, வரிசைக்கு மூன்று.

பிறகு மொழி. மாதிரிப் பக்கத்தின் தொடக்கத்தில், இது ஆங்கிலப் பக்கம் என்று எழுதியிருந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள்கள் உச்சரிப்பைத் தெரிவுசெய்ய அந்தக் குறிப்பு உதவுகிறது. அதைத் தமிழ் என்று மாற்றினேன். தலைப்புகளுக்குத் தொகுப்பு தரும் வரி உயரம் 1.2. ஆங்கிலத்திற்கு அது போதுமாக இருக்கலாம். நம் எழுத்துகளோ மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்டவை. இரண்டு வரித் தலைப்பில் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. 1.5 ஆக்கினேன். இத்தகைய திருத்தங்களைத் தனிக் கோப்பில் எழுதி, பூட்ஸ்ட்ராப் கோப்பிற்குப் பின்னால் இணைக்க வேண்டும். சமமான இரு விதிகள் மோதினால் பின்னால் வருவதுதான் வெல்லும்.

கடைசியாக, கோப்பின் தலையில் இருந்த உரிமக் குறிப்பை அழிக்காமல் வைத்தேன். இலவசமாகத் தந்தவர்கள் கேட்பது அவ்வளவுதான். பக்கத்தின் அடியிலும் ‘பூட்ஸ்ட்ராப் கொண்டு செய்தது’ என்று ஒரு வரி சேர்த்தேன். அன்றைக்குத்தான் அந்த உறுத்தல் நீங்கியது.

தோழிகளே, ஆயத்தமாகக் கிடைப்பதைப் பாவிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் நாம் எடுத்துவைக்கும் ஒவ்வொரு வரியும் எதற்கென்று கேட்டுப் பார்ப்போம். யாருக்காகச் செய்கிறோமோ, அவருடைய கையிலுள்ள போனில் அதைத் திறந்தும் பார்ப்போம்.

உம்மா மீண்டும் தன் போனில் பக்கத்தைத் திறந்தார். இந்த முறை கண்ணைச் சுருக்கவில்லை. விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“இந்த அபாயாட கையில ஒரு நூல் தொங்குது. வேற படம் எடுத்துப் போடு மகள்.”