நான் அடித்த விடை

ஆரணியில் இருபத்தெட்டு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒரு விடைத்தாள் இன்னும் என்னை விடவில்லை.

ஏழாம் வகுப்பு. ‘பட்டுப்புழுவின் ரத்தம் மஞ்சளாக இருக்கும்’ என்று எழுதியிருந்தாள், ஒரு தறிக்காரர் மகள். குறுக்கே கோடு போட்டுவிட்டேன்.

“சார், எங்க பெரியம்மா ஊர்ல புழு வளர்க்கிறாங்க. ஒண்ணு நசுங்கினப்போ நானே பார்த்தேன் சார்.”

“அது தின்ன இலையோட சாறு. ரத்தம்னா சிவப்புதான். உட்காரு.”

வகுப்பே சிரித்தது. நான் அடக்கவில்லை.

அந்த வாரமே நூலகத்தில் ஒரு பூச்சியியல் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் எழுதியதுதான் சரி. நம் ரத்தத்தின் சிவப்பு, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினால் வருவது. அதற்குள் இரும்பு இருக்கிறது. பட்டுப்புழுவின் ரத்தத்துக்கு அந்தச் சுமையே கிடையாது. புழுவின் இரண்டு பக்கமும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றனவே, அந்த ஒன்பது ஜோடித் துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, மெல்லிய குழாய்களில் உடம்பெங்கும் நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மஞ்சள் வருவது மல்பெரி இலையிலிருந்து. இலையில் உள்ள கரோட்டினாய்டுகள் குடலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கின்றன. அங்கிருந்து பட்டுச் சுரப்பிக்குப் போய்க் கூட்டுக்கும் நிறம் கொடுக்கின்றன. வெள்ளைக் கூடு கட்டும் பல இனங்களில் அந்த நிறம் ரத்தத்துக்கே வருவதில்லை.

இலை என்று நான் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இத்தனைக்கும் இது பட்டு ஊர். மஞ்சள் கச்சாப் பட்டை சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால், மேலே இருக்கும் பசையோடு மஞ்சளும் கழன்று நூல் வெளுத்துவிடும். தறி வீட்டுப் பிள்ளைக்கு அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை.

தெரியாமல் அடித்ததுகூடப் பெரிதில்லை. தெரிந்த பிறகு வாய் திறக்கவில்லை, அதுதான் தப்பு. நாற்பது பிள்ளைகள் முன்னால் ‘நான் சொன்னது தவறு’ என்று சொல்லப் பயந்தேன்.

அடுத்த வருடப் பிள்ளைகளுக்குச் சரியாகவே நடத்தினேன். வயல் நண்டின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் காற்றுப்பட்டால் நீலம் பூக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பட்டுப்புழுவின் மஞ்சளை நானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன். கேட்டுவிட்டு எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

அவள் அப்போது அடுத்த அறையில், எட்டாம் வகுப்பில் இருந்தாள். அந்த மதிப்பெண்ணை நான் திருத்திக் கொடுக்கவே இல்லை. அந்தப் பரீட்சைக்குப் பிறகு ஏழாம் வகுப்பு முடியும் வரை என் பாடத்தில் அவள் கை தூக்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.